இதயத்தில் ஒரு புதுக் கதவு

உங்கள் கையை நெஞ்சின் இடது பக்கம் வையுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். துடிப்பு தெரிகிறதா? அதுதான் இதயம். நாம் பிறப்பதற்கு முன்பே அது துடிக்கத் தொடங்கிவிட்டது. நாம் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை.

டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்துக் கேட்கிறாரே, அவருக்கு என்ன கேட்கிறது? 'லப்-டப், லப்-டப்' என்று கேட்கிறது. அது கதவுகள் சாத்தும் சத்தம். ஆமாம், நம் இதயத்துக்குள் நான்கு கதவுகள் இருக்கின்றன. அவற்றை வால்வு என்று சொல்கிறோம்.

சிலருக்கு இந்தக் கதவுகளில் ஒன்று கெட்டுப்போகிறது. அப்போது அதை எடுத்துவிட்டுச் செயற்கைக் கதவு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பிறகு இதயம் எப்படி வேலை செய்கிறது? அந்த மனிதர் எப்படி வாழ வேண்டும்? ஒரு தாயின் கதை மூலம் இதைத் தெரிந்துகொள்வோம். இது ஒரே ஒருவரின் கதை அல்ல. இந்தியாவில் இப்படிப் பல குடும்பங்கள் இருக்கின்றன.

மூச்சு வாங்கியது ஏன்?

கேரளத்தில் உள்ள கொல்லம் முந்திரிக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு முந்திரி ஆலையில் இந்தத் தாய் வேலை செய்தார். நாள் முழுவதும் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் வேலை. வயது 38. ஒரு மகள், ஒரு மகன்.

முதலில் மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. நடு இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். உடம்பில் சத்து இல்லை என்று நினைத்து டானிக் வாங்கிக் குடித்தார். ஆலைப் புகைதான் காரணம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கியதா?"

"வீங்கியது டாக்டர். அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை."

அந்தக் காய்ச்சல் அவருடைய படிப்பைக் கெடுத்தது. இதயத்தையும் கெடுத்திருந்தது. அது அவருக்கு 28 ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

தொண்டையில் தொடங்கி இதயம் வரை

குழந்தைகளுக்குத் தொண்டை வலி வருவது சாதாரணம். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண் ஆபத்தானது. சின்ன வீட்டில் பலர் நெருங்கி வாழும் இடங்களில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும்.

நம் உடம்பில் கிருமியை எதிர்த்துப் போராடும் சக்தி இருக்கிறது. சில குழந்தைகளின் உடம்பில் அந்தச் சக்தி ஆள் தெரியாமல் போராடுகிறது. கிருமியைத் தாக்குவதோடு நிற்காமல் சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. ஒரு மூட்டு வீங்கி வலிக்கிறது. அது சரியாகும்போது அடுத்த மூட்டு வலிக்கிறது. இதை முடக்குக் காய்ச்சல் என்றும் வாதக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும்.

மூட்டு வலி போய்விடும். வால்வில் ஏற்பட்ட காயம் போகாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு தடித்துச் சுருங்கிவிடும்.

பம்பும் வால்வும்

ஊரில் உள்ள அடிபம்பைப் பாருங்கள். கைப்பிடியை அடித்தால் தண்ணீர் மேலே வருகிறது. அது திரும்பக் கீழே இறங்குவதில்லை. ஏன்? உள்ளே ஒரு வால்வு இருக்கிறது. அது ஒரு பக்கம்தான் திறக்கும்.

இதயமும் ஒரு பம்புதான். நம் கை முட்டி அளவுதான் இருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கும். ஒரு நாளில் ஒரு லட்சம் தடவை. ஓய்வாக இருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது.

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே இரத்தம் சுத்தமாகி இடது மேல் அறைக்கு வரும். அங்கிருந்து இடது கீழ் அறைக்கு இறங்கும். இடது கீழ் அறைதான் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அதனால் அதன் சுவர் மற்ற அறைகளின் சுவரைவிடத் தடிப்பாக இருக்கும்.

இடது மேல் அறைக்கும் இடது கீழ் அறைக்கும் நடுவில் உள்ள கதவுதான் மைட்ரல் வால்வு. இதற்கு இரண்டு இதழ்கள். கிறிஸ்தவ ஆயர்கள் தலையில் அணியும் மைட்டர் என்ற தொப்பியைப் போல இருப்பதால் இந்தப் பேர் வந்தது. இதழ்களை மெல்லிய நூல் போன்ற நார்கள் கீழ் அறைச் சுவரோடு இழுத்துப் பிடித்திருக்கும்.

இந்தக் கதவு இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, சரியாகத் திறக்காது. அதைச் சுருக்கம் என்பார்கள். இன்னொன்று, சரியாக மூடாது. அதைக் கசிவு என்பார்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

அந்தத் தாய்க்கு இருந்தது சுருக்கம். இரத்தம் கீழ் அறைக்கு இறங்க வழி இல்லை. மேல் அறை வீங்கியது. இரத்தம் நுரையீரலில் தேங்கியது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டியது.

நம் நாட்டில் செய்த வால்வு

வால்வு சுருக்கம் உள்ள எல்லாருக்கும் மாற்று வால்வு தேவைப்படாது. சிலருக்குக் காலிலுள்ள இரத்தக் குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரித்துவிடலாம். சிலருக்குப் பழுது பார்க்கலாம். இந்தத் தாயின் வால்வு மிகவும் கெட்டியாகி, சுண்ணாம்பு படிந்திருந்தது. அதை மாற்றத்தான் வேண்டும் என்றார்கள்.

1960இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செயற்கை மைட்ரல் வால்வு பொருத்தினார். அதை அவருடன் சேர்ந்து உருவாக்கியவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர். சின்னக் கூண்டுக்குள் ஒரு பந்து. அதுதான் அந்த வால்வு.

வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழை மக்களுக்கு எட்டாததாக இருந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒன்று சேர்ந்தார்கள். நாமே ஒரு வால்வு செய்வோம் என்று இறங்கினார்கள். முதல் மாதிரி தேறவில்லை. இரண்டாவதும் தேறவில்லை. மூன்றாவதும் தேறவில்லை. அவர்கள் விடவில்லை. நான்காவது மாதிரியை ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அது நன்றாக வேலை செய்தது. 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள்.

இதன் பேர் சித்ரா வால்வு. கோபால்ட் கலந்த உலோக வளையம். அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தட்டு. வளையத்தைச் சுற்றித் தையல் போடுவதற்குப் பாலியஸ்டர் துணி. வட்டத் தட்டு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடமும் அந்த இனம்தான். ஆனால் இது எளிதில் தேயாத உயர்ந்த வகை. தேயவே கூடாது அல்லவா? ஓர் ஆண்டில் இந்தத் தட்டு மூன்றரைக் கோடித் தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் இந்த வால்வைத் தயாரித்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது பொருத்தப்பட்டிருக்கிறது. டாக்டர் வலியத்தான் 2024இல் காலமானார். அவருடைய குழுவின் உழைப்பு இத்தனை பேர் நெஞ்சில் திறந்து மூடுகிறது.

மாடு அல்லது பன்றியின் திசுவால் செய்த வால்வுகளும் உண்டு. அவை உலோக வால்வைவிடச் சீக்கிரம் தேயும். இளவயதினருக்குப் பெரும்பாலும் உலோக வால்வைத்தான் பொருத்துகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இதயம்

ஆபரேஷனின்போது இதயத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் ஓர் இயந்திரம் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும். புது வால்வைத் தைத்த பிறகு இதயம் மறுபடி துடிக்கும்.

அந்தத் தாய்க்கு மாற்றம் சீக்கிரம் தெரிந்தது. புதுக் கதவு நன்றாகத் திறந்தது. மேல் அறையில் தேங்கிய இரத்தம் கீழே இறங்கியது. நுரையீரலின் பாரம் குறைந்தது. சில நாட்களில் அவர் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். மூச்சு முட்டவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு விடியும் வரை தூங்கினார்.

பக்கத்துப் படுக்கையில் வயதான ஓர் அம்மா இருந்தார். அவருக்கு இருந்தது கசிவு. அவருக்கும் வால்வு மாற்றினார்கள். எக்கோ பரிசோதனைச் சீட்டைப் பார்த்து அவர் மகள் பயந்துவிட்டார்.

"சிஸ்டர், ஆபரேஷனுக்கு முன்னால் 60 என்று எழுதியிருந்தது. இப்போது 45 என்று எழுதியிருக்கிறது. வால்வு சரியில்லையா?"

"பயப்படாதீங்க சேச்சி. வால்வு நல்லா இருக்கு" என்றார் நர்ஸ். சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. பிறகு அவர் விளக்கிச் சொன்னார்.

கீழ் அறை நிரம்பும்போது அதில் 100 பங்கு இரத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதயம் ஒரு முறை சுருங்கும்போது அதில் எத்தனை பங்கு வெளியேறுகிறது? நல்ல இதயத்தில் 55 முதல் 70 பங்கு வரை வெளியேறும். எக்கோ சீட்டில் இருப்பது இந்தக் கணக்குதான்.

வால்வு கசிந்தபோது இரத்தம் வெளியேற இரண்டு வழி இருந்தது. ஒன்று, உடம்புக்குப் போகும் நேர் வழி. அது கடினம். இன்னொன்று, ஓட்டைக் கதவு வழியாகப் பின்னால் போகும் வழி. அது சுலபம். இரண்டு வழியாகவும் போன இரத்தத்தைச் சேர்த்துத்தான் 60 என்று கணக்கு வந்தது. இப்போது பின்வழி அடைபட்டுவிட்டது. இதயம் எல்லா இரத்தத்தையும் கடினமான நேர் வழியில் தள்ள வேண்டும். அதனால் எண் குறைகிறது. ஆனால் போவதெல்லாம் உடம்புக்குப் போகிறது. வீணாகப் பின்னால் போவதில்லை.

பலருக்குச் சில மாதங்களில் வீங்கிய கீழ் அறை சுருங்கும். தசை பலம் பெறும். எண்ணும் மெல்ல ஏறலாம். வால்வைப் பிடித்திருக்கும் நார்களை முடிந்த வரை வெட்டாமல் விட்டுத் தைத்தால் இதயத்தின் வடிவமும் பலமும் நன்றாக இருக்கும். ஆனால் மிகவும் தாமதமாக வந்தால் தசை ஏற்கெனவே தளர்ந்திருக்கும். புதுக் கதவு போட்டாலும் தளர்ந்த தசை முழுதாகத் திரும்பாது. அதனால்தான் மூச்சு வாங்கும்போதே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். செயற்கைக் கதவு இயற்கைக் கதவுக்கு முழு ஈடாகாது. அதன் வழி கொஞ்சம் குறுகல்தான். நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். மிகக் கடினமான வேலையை டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மேலும், பல ஆண்டுகள் வீங்கியிருந்த மேல் அறை சிலருக்குத் தாறுமாறாகத் துடிக்கும். அது ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

ஒரு மாத்திரை, ஒரு நோட்டு

கையில் வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் உறைகிறது. அது நல்லது. ஆனால் உடம்பில் இல்லாத அந்நியப் பொருளைத் தொட்டாலும் இரத்தம் உறையும். உலோக வால்வு அந்நியப் பொருள்தானே? அதன் மேல் இரத்தம் உறைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

இதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அது வார்ஃபரின் ஆகவோ அசிட்ரோம் ஆகவோ இருக்கலாம்; இரண்டும் வெவ்வேறு மருந்துகள். மாத்திரை குறைந்தால் இரத்தம் உறையும். கூடினால் உடம்பில் இரத்தம் கசியும். அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இந்த எண் 1 அளவில் இருக்கும். உலோக மைட்ரல் வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். உங்களுக்கு எந்த எண் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

ஒவ்வொரு பரிசோதனையின் தேதி, எண், மாத்திரை அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது. 17 வயது மகள் எழுதி வைத்தாள். மாத்திரை அட்டையில் 1, 2, 5 என்று இருக்கும் எண்ணைப் பார்த்து அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அமைதியான இரவில் அம்மாவின் நெஞ்சில் 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். "அம்மாவுக்குள் கடிகாரம் இருக்கு" என்பான் மகன்.

கடிகாரம் நின்றது

இரண்டு ஆண்டுகள் போயின. மகள் நர்ஸ் படிப்புக்காக வெளியூர் போனாள். மாத்திரை தீர்ந்தது. 'நன்றாகத்தானே இருக்கிறேன். கூலி வந்ததும் வாங்கலாம்' என்று தாய் நினைத்தார். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது.

ஓர் இரவு மகன் கேட்டான்: "அம்மா, கடிகாரச் சத்தம் கேட்கவில்லையே?"

தாய்க்குப் பழைய மூச்சுத் திணறல் வந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது: சத்தம் மங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே ஆட்டோ பிடித்தார்கள். எக்கோவில் பார்த்தபோது வட்டத் தட்டு பாதிதான் திறந்தது. உறைந்த இரத்தம் அதைப் பிடித்திருந்தது. அதைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் ஏற்றினார்கள். அந்த மருந்திலும் ஆபத்து உண்டு. சிலருக்கு மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். இந்தத் தாய் பிழைத்தார். மூன்றாம் நாள் சத்தம் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு முடிவு செய்தார். தொடர்கல்வி மையத்தில் சேர்ந்தார். முதலில் எண்களைக் கற்றார். பிறகு மாத்திரையின் பேரைப் படிக்கக் கற்றார். இப்போது அந்த நோட்டில் அவரே எழுதுகிறார். பத்து வயதில் நின்ற படிப்பு நாற்பது வயதில் தொடர்கிறது.

நினைவில் வைப்போம்

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். தீரும் முன்பே வாங்க வேண்டும். மறந்துவிட்டால் அன்றே நினைவு வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விட வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மது கூடாது.

வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

தினமும் இரண்டு வேளை பல் துலக்குங்கள். பல்லில் உள்ள கிருமி இரத்தம் வழியாக வால்வில் குடியேறலாம். பல் பிடுங்கும் முன் 'எனக்குச் செயற்கை வால்வு இருக்கிறது' என்று சொல்லுங்கள்.

இந்த மாத்திரை வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் பென்சிலின் ஊசியை டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். வால்வு மாற்றியதும் நிறுத்தக் கூடாது.

வால்வு சத்தம் மங்குதல், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறுதல், கறுப்பாக மலம் போதல், சிறுநீரில் இரத்தம், விடாத காய்ச்சல், தலையில் பலத்த அடி. இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கதவு கெடாமல் காப்போம்

புதுக் கதவு போடுவதைவிடப் பழைய கதவைக் காப்பது நல்லது. பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுவோம். ஒரு முறை முடக்குக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும். பல ஆண்டுகள் தவறாமல் போட்டால் வால்வைக் காக்கலாம். 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இதய நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

உங்கள் தெருவில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா? அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்களா?

உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார்? அந்த மாத்திரை அட்டையை எடுங்கள். அதன் பேரையும் அளவையும் படியுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.